வெளிச்சவீடு கண்ட கதை

அயலூரார் பலநூறு மைல் கடந்து வந்து காணும் பொருளை, அவ்வூரிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் வாழ்நாள் முழுவதும் காணாமலே இருந்துவிடுவதுண்டு. அருகில் உள்ளதுதானே, நாளை பார்த்துக்கொள்ளலாம் என்னும் எண்ணமே அதற்குக் காரணம். மட்டக்களப்பின் முகத்துவாரத்துக்கு அருகே, பாலமீன்மடுவில், 1913 ஆம் ஆண்டிலிருந்து நின்றுகொண்டிருக்கும் கலங்கரை விளக்கத்தைப் பொறுத்தவரை நாமும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்களே. பெரியகல்லாற்றில் பிறந்து, நாற்பத்தைந்து ஆண்டுகளாக மட்டக்களப்புக்குப் போவதும் வருவதுமாக இருந்தும், அதன் அடியிற் சென்று நின்றதில்லை. சென்ற சனிக்கிழமைதான் அந்தப் பாக்கியம் எமக்குக் கிட்டியது. அதுவும் எமது முயற்சியால் அன்று. எண்பத்தாறு வயதான எமது அம்மானின் விருப்பத்தினால்.

அம்மான் எமது தாயாரின் உடன்பிறந்தவர். தம் வாழ்நாளின் பெரும் பகுதியைக் கடலிற் கழித்தவர். இப்போது இரு கண்களிலும் வெள்ளை படர்ந்துவிட்டது. அடுத்த மாதம் சத்திரசிகிச்சை செய்வதென்று வைத்தியர் நாள் குறித்திருக்கிறார். "எல்லாம் நல்லபடி முடியும்" என்று நாம் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. "அதுக்கு முந்தி ஒருக்கா வெளிச்சவீட்டடிக்குக் கொண்டு போங்க மருமகன். கொஞ்சமாவது கண் தெரியக்கொள்ளப் பாத்திரணும்" என்று மட்டும் கேட்டார்.

அந்த வேண்டுகோள் எமது நெஞ்சைச் சற்றே உறுத்தியது. காரணத்தை வாசகர்களிடம் மறைப்பதில் பயனில்லை.

மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், வைகாசிச் சடங்கு நாளொன்றில், கோயில் முன்றிலிலே இளைஞர் சிலர் அம்மானைச் சூழ்ந்திருந்து பழங்கதை கேட்டுக்கொண்டிருந்தார்கள். "கல்லாத்துக் கடலுக்குப் போன நாங்க, ஒரு இரவு வெளிச்சவீட்டைக் கண்டம்" என்று அவர் தொடங்கினார். அருகிலிருந்த நாம் அவரை அதற்கு மேலே போக விடவில்லை. கல்லூரியிற் கணிதம் கற்பிப்பவர்களுக்கு இயல்பாக உள்ள ஒரு நோய், தவறு என்று தோன்றியதை உடனே திருத்தாவிட்டால் உறக்கம் வராமை. நாம் அங்கேயே மணலில் விரலால் எழுதிக் கணக்கை விளக்கத் தொடங்கினோம்.

பூமி உருண்டை. ஆகையால், எத்துணைப் பிரகாசமான விளக்காயினும் குறித்த தூரத்துக்கு அப்பால் அடிவானத்தின் கீழ் மறைந்துவிடும். ஒருவர் நிற்கும் உயரத்தை மீற்றரில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 3.57 ஆற் பெருக்கினால், அவருக்குத் தெரியும் அடிவானத்தின் தூரம் கிலோமீற்றரிற் கிடைக்கும். மட்டக்களப்புக் கலங்கரை விளக்கத்தின் உயரம் 28 மீற்றர். அதற்குரிய தூரம் ஏறக்குறைய 19 கிலோமீற்றர். வள்ளத்தில் எழுந்து நிற்பவனின் கண் நீர்மட்டத்திலிருந்து 2 மீற்றர் எனக் கொண்டால், அவனுடைய பங்குக்கு இன்னும் 5 கிலோமீற்றர். இரண்டையும் கூட்டினால் 24. காற்றிலே ஒளி சற்று வளைவதையும் சேர்த்துக்கொண்டால் இன்னும் இரண்டு கூடலாம். கல்லாற்றுக்கும் முகத்துவாரத்துக்கும் இடையில் நேர்க்கோட்டிலே முப்பதுக்கு மேல். ஆகவே, கல்லாற்றுக் கடலிலிருந்து வெளிச்சவீட்டைக் காண்பது நடவாத காரியம்.

இளைஞர்கள் சிரித்தார்கள். அம்மான் மணலிலிருந்த எண்களைச் சற்று நேரம் பார்த்தார். "படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லி, சால்வையை உதறித் தோளிற் போட்டுக்கொண்டு எழுந்து போனார். அதன்பின் அந்தக் கதையை அவர் எவரிடமும் சொல்லக் கேட்டதில்லை. கணக்கில் வென்றோம் என்னும் மகிழ்ச்சி எமக்கு அன்றிரவு வரைகூட நிற்கவில்லை. ஆயினும், போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்தே மூன்று ஆண்டுகள் ஓடிவிட்டன.

சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குப் புறப்பட்டோம். அம்மானை முன் ஆசனத்தில் அமர்த்தி, எம் துணைவியாரும் பிள்ளைகள் இருவரும் பின்னால் அமர்ந்தார்கள். வாழையிலையிற் பொதிந்த பிட்டும், போத்தலில் தேநீரும், அம்மானுக்கு வெற்றிலைப் பெட்டியும் உடன் வந்தன.

இந்தப் பயணத்துக்கு ஒரு தனிச் சிறப்புண்டு. மட்டக்களப்பு வாவி ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீளமானது. அது கடலோடு கலக்கும் வாயில்கள் இரண்டு. ஒன்று மட்டக்களப்பு நகரின் அருகே. மற்றையது தெற்கே எமது பெரியகல்லாற்றில். ஆகவே நாம் சென்றது ஒரே வாவியின் ஒரு வாயிலிலிருந்து மறு வாயிலுக்கு. கோடையில் அலைகள் மணலைக் கொண்டுவந்து குவித்து இவ்வாயில்களை அடைத்துவிடும். மாரியில் வெள்ளம் பெருகி, வயல்கள் மூழ்கத் தொடங்கும்போது, மணல்மேட்டை வெட்டி நீரைக் கடலுக்கு விடுவார்கள். உழவனுக்கு அது திறக்க வேண்டும். இறால் பிடிப்பவனுக்கு அது திறக்கும் காலமும் அளவும் முக்கியம். இதனை எம் மகளுக்கு விளக்கியவர் நாம் அல்லர், அம்மானே.

கோட்டைக்கல்லாறு, ஓந்தாச்சிமடம், களுவாஞ்சிகுடி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்தன. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. இரண்டுக்கும் நடுவிலே ஒடுங்கிய நிலத்தில் வீதியும் வீடுகளும் கோயில்களும். களுதாவளையில் வெற்றிலைத் தோட்டங்களைக் கண்டதும் அம்மான் வண்டியை நிறுத்தச் சொல்லி, கொழுந்து வெற்றிலை வாங்கிக்கொண்டார். செட்டிபாளையம், குருக்கள்மடம், ஆரையம்பதி கடந்து, நடுவீதியிற் பேரீச்ச மரங்கள் வரிசையாக நிற்கும் காத்தான்குடியினூடாகக் கல்லடியை அடைந்தோம்.

கல்லடியில் சிவானந்த வித்தியாலய வளவிலே சுவாமி விபுலாநந்தரின் சமாதி உண்டு. காரைதீவில் 1892 இற் பிறந்து, யாழ் நூல் வெளிவந்த 1947 ஆம் ஆண்டிலேயே மறைந்த அப்பெருமகனாரை வணங்கிச் சென்றோம். வாவியின் அடியிலிருந்து எழும் பாடும் மீன்களின் ஓசையைத் தம் நூலுக்குள்ளும் கொண்டுவந்தவர் அவர். அம்மான் அந்நூலைப் படித்தவர் அல்லர். ஆனால், நிலாக்காலத்தில் தோணியை நிறுத்தி, சவளின் ஒரு நுனியை நீரில் விட்டு மறு நுனியைக் காதில் வைத்து அந்த ஓசையைக் கேட்டவர். "எங்களுக்கு அது படிப்பில்ல மகள், காது" என்றார். எம் மகளுக்கு அவ்விடை மிகவும் பிடித்துப்போயிற்று.

ஆங்கிலேயர் காலத்து இரும்புப் பாலமும், அதன் பக்கத்தில் 2013 இற் திறக்கப்பட்ட புதிய பாலமும் கல்லடியில் இணைபோல நிற்கின்றன. புதியதால் வாவியைக் கடந்து, பார் வீதி வழியே திரும்பினோம். வீதி முடியுமிடத்துக்கு அணித்தாக, கண்டல் மரங்களின் பசுமைக்கு மேலே வெண்ணிறக் கோபுரம் தோன்றியது.

ஏறக்குறைய 92 அடி உயரம். இலங்கையின் மிகப் பெரிய கலங்கரை விளக்கங்களோடு ஒப்பிட்டால் இது பெரிதன்று. தென்கோடியிலே தெவிநுவரையில் 1890 இல் எழுப்பப்பட்ட கோபுரம் இதைவிட மிக உயரமானது. தென்கிழக்கே நடுக்கடற் பாறைகளின் மேல், 1873 இலும் 1878 இலும் ஒளியேற்றப்பட்ட பெரிய, சிறிய பாசுக் கலங்கரை விளக்கங்கள் கட்டட வேலையின் அற்புதங்கள் எனப் போற்றப்படுபவை. ஆயினும், மட்டக்களப்பின் முகத்துவாரம் வெளியுலகுக்குப் புதியதன்று. ஒல்லாந்தக் கப்பற்றலைவர் ஸ்பில்பேர்கன் 1602 இல் இக்கரையிற் வந்திறங்கினார். போர்த்துக்கேயர் 1628 இற் கோட்டை கட்டினர். பத்தாண்டுகளில் ஒல்லாந்தர் அதைக் கைப்பற்றினர். ஏறக்குறைய மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின்னரே இந்த விளக்கு வந்தது.

விளக்கு புதிதாயினும் அந்த எண்ணம் எமக்குப் புதிதன்று. கலங்கரை விளக்கம் என்னும் பெயரே சங்க காலத்தை ஒட்டியது. ஏணி சாத்தியும் ஏறற்கரிய உயர்ந்த மாடத்தின்மேல், இரவிலே தீயிட்டுக் கலங்களை அழைத்த செய்தியைப் பெரும்பாணாற்றுப்படை கூறுகிறது. புகார்க் கடற்கரையின் விளக்கைச் சிலப்பதிகாரமும் சுட்டுகிறது. அன்று விறகுத் தீ, பின்னர் எண்ணெய். 1820 களில் பிரான்சு தேசத்து ஃபிரெனெல் என்னும் அறிஞர், கண்ணாடிப் பட்டகங்களை வளையம் வளையமாக அடுக்கி, நாற்புறமும் சிதறும் ஒளியை ஒரே கற்றையாகத் திரட்டும் வில்லையை அமைத்தார். ஒரு சிறு சுடர் பல காதம் எட்டியது அதன் பின்னரே. இவற்றையெல்லாம் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக்கொண்டிருந்தோம். ஆசிரியன் எங்கே சென்றாலும் வகுப்பறையும் உடன் வந்துவிடுகிறது.

அம்மான் எமது பேச்சைக் கேட்டதாகத் தெரியவில்லை. கோபுரத்தின் அடியில் வந்து நின்று, தலையை அண்ணாந்து, கைகளாற் கண்ணுக்கு நிழல் பிடித்துப் பார்த்தார். பிறகு சுவரை உள்ளங்கையாற் தொட்டார். "அப்பவும் இப்படித்தான் வெள்ளையா நின்டது" என்றார்.

"எப்போது தாத்தா?" என்று எம் மகள் கேட்டாள்.

அவர் எம்மைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையின் பொருள் எமக்கு விளங்கியது. "சொல்லுங்கள் அம்மான். நாங்கள் கேட்கிறோம்" என்றோம்.

கண்டல் நிழலில் விரித்த பாயில் அமர்ந்து, அவர் சொன்னதன் சாரம் இது.

அப்போது அவருக்குப் பத்தொன்பது வயது. அவரும், அவருடைய தமையனாரும், அயல்வீட்டார் ஒருவருமாக மூவர், கல்லாற்றுக் கரையிலிருந்து பாய் விரித்து வள்ளத்திற் சென்றார்கள். பொழுது சாயும் வேளையிற் கச்சான் காற்று திடீரென்று வீறுகொண்டது. பாய் கிழிந்தது. வள்ளம் வடகிழக்காக இழுபட்டு, இருட்டும்போது கரை கண்ணுக்கு எட்டவில்லை. வானத்தில் முகில் மூடியிருந்ததால் நட்சத்திரமும் இல்லை. எந்தப் பக்கம் கரை என்பதே தெரியாத நிலையில் சவளைப் பிடித்து என்ன செய்வது? பிழையான திசையில் வலித்தால் கடல் நடுவுக்கே போய்விட நேரும். ஆகவே, வலிக்காமல், வள்ளத்துள் ஏறிய நீரை இறைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

"நடுச்சாமத்துக்குப் பிறகு, ஒரு பக்கத்தில வானத்தின்ட அடி வெளுத்து வெளுத்து மறைஞ்சிச்சு. விளக்கு இல்ல மருமகன், வெறும் வெளுப்பு. மின்னலாக்கும் என்டு நான் சொன்னன். அண்ணன் எண்ணிப் பாத்தார். மின்னல் எண்ணிக்கைக்கு அடங்காது. இது ஒரே கணக்கில வருது, வெளிச்சவீடுதான், அந்தப் பக்கம் வலியுங்கடா என்டார். வலிச்சு வலிச்சுக் கை பிஞ்சி ரத்தம் வந்திச்சு. பொழுது விடியிறதுக்குக் கொஞ்சம் முந்தித்தான் வெளுப்புக்குக் கீழே விளக்கே தெரிஞ்சிச்சு. காலையில இந்தா, இந்தக் கரையிலதான் வந்து விழுந்தம்."

நாம் வாயடைத்துப் போனோம். விளக்கு அடிவானத்தின் கீழே மறைந்திருக்கும்போதும், அதன் கதிர்க்கற்றை மேலேயுள்ள ஈரக் காற்றிற் பட்டுச் சிதறி வானத்தை வெளுப்பாக்கும். தொலைவிலுள்ள பட்டினம் கண்ணுக்குத் தெரியாதபோதும் அதன் திசையில் வானம் வெளிறித் தோன்றுவதைப் போன்றதே இதுவும். கப்பலோட்டிகள் இதனை நன்கு அறிவர். எமது கணக்கு விளக்கைப் பற்றியது. அம்மான் முதலிற் கண்டதோ விளக்கின் ஒளியை. அதுவுமன்றி, அவர் அதனைக் கண்டது கல்லாற்றுக்கு நேரேயும் அன்று. காற்று வடக்கே கொண்டுசென்ற இடத்தில். 'கல்லாத்துக் கடலுக்குப் போன நாங்கள்' என்றுதான் அவர் அன்று தொடங்கினார். கல்லாற்றிலே நின்று கண்டோம் என்று அவர் சொல்லவேயில்லை. கணக்கு முழுவதும் சரி; எந்தக் கேள்விக்கு விடை காண்கிறோம் என்பதை மட்டும் நாம் கேட்டறியவில்லை.

"பிறகு எப்படி வீட்டுக்குப் போனீர்கள்?" என்று எம் மகன் கேட்டான்.

"வள்ளம் உடைஞ்சு போச்சு மனே. இங்கத்தை ஆக்கள் கஞ்சி தந்து, கையில காசும் தந்து அனுப்பினாங்க. பஸ்ஸிலதான் போனம்."

இதைக் கேட்டதும் எமது உடல் ஒருமுறை சிலிர்த்தது. எம் தாயார் காலமாகி ஒன்பது ஆண்டுகளாகின்றன. நாம் சிறுபிள்ளையாக இருந்தபோது அவர் அடிக்கடி சொல்லும் வேடிக்கை ஒன்றுண்டு: "எங்கட அண்ணன்மார் கெட்டிக்காரர், கடலால் போய் பஸ்ஸில வந்தவங்க." வீட்டில் எல்லோரும் சிரிப்போம். அதோடு வேறொன்றும் சொல்வார். தமக்கு எட்டு வயதாயிருந்தபோது ஓர் இரவு, எமது அம்மம்மா தம்மையும் கூட்டிக்கொண்டு கடற்கரைக்குச் சென்று, ஒரு கம்பை நட்டு அதன் உச்சியில் அரிக்கன் லாம்பைக் கட்டிவிட்டு, விடியும்வரை அதன் கீழே உட்கார்ந்திருந்ததைச் சொல்வார். எண்ணெய் வற்றிய போதெல்லாம் வீட்டுக்கு ஓடிப்போய் எடுத்து வந்தது தாம்தான் என்பார். அந்த லாம்புக் கதை வேறு, பஸ் கதை வேறு என்றே நாம் இதுகாறும் எண்ணியிருந்தோம். இரண்டும் ஓரிரவின் இரு கரைகள் என்பதை அன்று பாலமீன்மடுவில்தான் அறிந்தோம்.

அம்மானிடம் லாம்பைப் பற்றிச் சொன்னோம். அவருக்கு அது தெரிந்திருந்தது. "ஓம். நாங்க போய் இறங்கினது பகல் பன்னிரண்டு மணிக்கு. அப்பவும் அந்த லாம்பு எரிஞ்சுகொண்டிருந்திச்சு. அம்மா அணைக்க விடல்லையாம். அண்ணன்தான் போய் அணைச்சார்" என்றார். அதன்பின் வெகுநேரம் எவரும் பேசவில்லை.

எம் துணைவியார் தேநீரை ஊற்றிக் கொடுத்தபோது, நாம் அம்மானின் பக்கத்திற் போய் அமர்ந்தோம். "அம்மான், அன்றைக்குக் கோயிலில் நான் குறுக்கே பேசினது பிழை. உங்களை முழுக்கச் சொல்ல விட்டிருக்க வேண்டும்" என்றோம். மூன்று ஆண்டுகள் தொண்டையில் நின்ற சொற்கள், சொல்லி முடிக்க அரை நிமிடமும் ஆகவில்லை.

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே சிரித்தார். "நீங்க சொன்ன கணக்குப் பிழையா?"

"கணக்குச் சரிதான்."

"அப்ப சரி. அந்தக் கணக்கை அண்ணன் இருந்திருந்தாக் கேட்டுச் சந்தோசப்பட்டிருப்பார். அவருக்கும் எண்ணுறது பிடிக்கும்" என்றார்.

மாலை வெயில் வாவியின்மேற் சாய்ந்தது. முகத்துவாரத்துக்கு அப்பால், நாவலடி மணற்றிடல் பொன்னிறமாகத் தெரிந்தது. 2004 டிசம்பர் 26 இல் ஆழிப்பேரலை அந்த ஒடுங்கிய நிலத்தின் குடிகளை வாரிக்கொண்டு போனதையும், அதே காலையில் எமது கல்லாற்றுக் கரையிலும் அழுகுரல் எழுந்ததையும் நினையாமல் அவ்விடத்தில் நிற்க எம்மால் இயலவில்லை. அதற்கு முன்னர், 1978 நவம்பர் 23 இற் சூறாவளி வந்தது. பின்னர் நீண்ட போர் வந்து, குடும்பமாகக் கடற்கரைக்கு வந்து பொழுது போக்குவதையே மறக்கச் செய்தது. இத்தனைக்கும் நடுவில் அந்த வெண்கோபுரம் நின்றது. இப்போது அதன் அருகே பிள்ளைகள் ஓடி விளையாடுகிறார்கள். வாவியைச் சுற்றிப் பார்க்கத் தோணிகள் காத்திருக்கின்றன. அந்த விளையாட்டுச் சத்தத்தை அம்மான் கண்களை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மங்கல் வெளிச்சத்தில் தமக்குக் கண் தெரிவதில்லை என்று அவர் சொன்னதால், இருட்டுமுன் புறப்பட்டோம். வண்டியில் ஏறும் முன் மீண்டுமொரு முறை சுவரைத் தொட்டு, தொட்ட கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார். கோயிலில் திருநீறு பெற்றவர் செய்வதைப் போன்றிருந்தது.

வீடு வந்து சேர்ந்தபின், இரவுச் சாப்பாடு முடிந்ததும், எம் மகள் கடற்கரைக்குப் போக வேண்டும் என்று அடம்பிடித்தாள். கூட்டிச் சென்றோம். அலையோரத்தில் நின்று வடக்கே வெகுநேரம் உற்றுப் பார்த்தாள். ஊர்களின் மின்விளக்குகள் மட்டுமே வரிசையாகத் தெரிந்தன.

"ஒன்றும் தெரியவில்லையே அப்பா" என்றாள்.

"இங்கிருந்து தெரியாது மகள். கணக்கு அப்படித்தான்" என்றோம். சற்று நின்று, "நாளைக் காலை தாத்தாவிடம் போவோம். கோயிலடிப் பிள்ளைகளையும் வரச் சொல்லியிருக்கிறோம். தாத்தா அந்தக் கதையை முதலிலிருந்து சொல்வார்" என்றும் சொன்னோம்.

"நீங்கள் இடையில் பேசமாட்டீர்களே?" என்று கேட்டாள்.

பேசமாட்டோம் என்று வாக்குக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினோம்.